இடுப்பில் ஒரு பஞ்சுச் சதுரம்

பிணவறைக் கதவைத் திறப்பதற்கு முன்பே சப்-இன்ஸ்பெக்டர் செந்தமிழன் விடையை எழுதி முடித்திருந்தார். அவர் நீட்டிய பாரத்தின் நாலாவது வரியில் "போதை மாத்திரை அதிகம் உட்கொண்டதால்" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. டாக்டர் தேவிப்ரியாவுக்கு அதைப் பார்த்ததுமே சுள்ளென்று வந்தது. பன்னிரண்டு வருடமாக இந்த வேலையில் இருக்கிறாள். விடையை முன்கூட்டியே கொண்டுவந்து கையில் திணிக்கிறவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது.

"ஏனுங்க சார், எல்லாத்தையும் நீங்களே எழுதிட்டீங்களே. நான் எதுக்குங்க, கையெழுத்துப் போடவா?"

"அப்படியில்லீங்க மேடம். கேஸ் நேரா இருக்குது. ரிக் வண்டில போர்வெல் போட வடக்க போயி, அங்க வலி மாத்திரை பழகிட்டு வந்தவன். காலைல எந்திரிக்கல, வாயில நுரை. தறிப்பட்டறைல நூல் பொட்டிக்கு அடியில மாத்திரை அட்டையும் சிக்கிருச்சு. வேற என்னங்க வேணும்?"

"அறுத்துப் பாக்கோணும், அதுதான் வேணும்."

செத்தவன் பெயர் குணசீலன். முப்பத்தி நாலு வயது. திருச்செங்கோட்டுப் பக்கம் ஏரிக்கரைவலவு என்று ஒரு சின்ன ஊர். அங்கே வீட்டை ஒட்டி நாலு தறி போட்டு ஓட்டிக்கொண்டிருந்தவன். வெளியே ஆடிக்காற்று வேப்பமரத்தைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. மரத்தடியில் வலவுக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், டீயையும் பன்னையும் கையில் வைத்துக்கொண்டு தொண்டைக்குள் இறங்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை விட்டுத் தனியாக, பிணவறைப் படியிலேயே நின்றிருந்தாள் குணசீலனின் மனைவி தனப்பிரியா. கண்ணில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. தேவிப்ரியாவை உள்ளே போக விடாமல் வழியை மறித்துக்கொண்டாள்.

"டாக்டரம்மா, ஒரு சொல்லு கேட்டுட்டுப் போங்க. அவரு மாத்திரை போடலீங்க."

"பாத்துட்டுச் சொல்றனம்மா."

"போன வருசம் சித்திரைல காளியம்மன் கோயில்ல சூடம் அணைச்சு சத்தியம் பண்ணுனாருங்க. எங்க பொண்ணு பிரீத்தி பேரைச் சொல்லி அணைச்சாரு. அன்னைலேர்ந்து காச்சலுக்கு ஒரு மாத்திரை குடுத்தாக்கூட வாயில வைக்கமாட்டாரு. எந்த மாத்திரையா இருந்தா என்ன, சத்தியம் சத்தியந்தான்னு சொல்லுவாரு. இப்ப மீறிட்டாருங்கறாங்க. அந்தத் தோசம் என்ற புள்ளை தலைமேல எறங்கும்னு அவ காதுபடவே பேசறாங்க. ஒம்போது வயசுங்க அவளுக்கு. அவ அந்த ஊர்லதானுங்க வளரோணும்."

மரத்தடியிலிருந்து பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார். பெயர் கலையரசன், குணசீலனுக்குப் பெரியப்பா மகன், பங்காளிகளில் மூத்தவர். தோள் துண்டை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே பேசினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க டாக்டரம்மா. தம்பிதான், இல்லைங்கல. ஆனா ஆத்தாகிட்டப் பண்ணுன சத்தியத்தை மீறுனவன் பாடையை எப்படீங்க தொடறது? எங்க ஊட்டுலயும் புள்ளை குட்டி இருக்குதுங்களே. நீங்க என்ன சொல்றீங்களோ அதை வெச்சுத்தான் நாங்க."

ஆக, உள்ளே படுத்திருப்பவன் செத்த காரணம் மட்டும் இல்லை, வெளியே ஒரு பெண்பிள்ளை அந்த ஊரில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பாள் என்பதும் டாக்டரின் கத்தி முனைக்கு வந்துவிட்டது. சத்தியத்தைச் சோதிக்க மருத்துவத்தில் கருவி ஏதும் கிடையாது. ரத்தத்தைத்தான் சோதிக்கலாம். தேவிப்ரியா உள்ளே போனாள்.

பிணவறை உதவியாளர் ஆண்டி எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தார். அறுத்துக்கொண்டே போகப் போக செந்தமிழனின் நாலாவது வரிதான் ஜெயிக்கும்போல இருந்தது. மூச்சுக்குழாய் முழுக்க நுரை. வலது நுரையீரலைத் தராசில் வைத்தால் எண்ணூற்றி நாற்பது கிராம், இருக்கவேண்டியதில் ஏறக்குறைய இரண்டு பங்கு. தண்ணீர் கோத்துக் கனத்திருந்தது. மூளை வீங்கியிருந்தது. சிறுநீர்ப்பை முட்டிக்கொண்டு நின்றது. அபின் சாதி மருந்து உடம்புக்குள் ஏறினால் இப்படித்தான். ஆளுக்கு மூச்சு விடுவது மெல்ல மெல்ல மறந்துபோகும், ஒன்றுக்குப் போவது மறந்துபோகும். கண்மணி குண்டூசித் தலையாகச் சுருங்கியிருந்தது. செத்த பிறகு கண்மணியை நம்புவதற்கில்லை என்றாலும் அவள் குறித்துக்கொண்டாள்.

இதயத்தைப் பிளந்து பார்த்தாள். குழாய்கள் எல்லாம் சுத்தம், மாரடைப்பு இல்லை. தலையில் அடி இல்லை. பாம்பு தீண்டின பல் தடம் இல்லை. இரைப்பையில் பூச்சிமருந்து வாடை இல்லை. பாதி செரித்த ராகிக் களியும் கீரையும் கிடந்தன. மாத்திரைத் துணுக்கு ஒன்றுகூட இல்லை. முழங்கை மடிப்பில், முன்பு மாத்திரையைக் கரைத்து ஏற்றிய பழைய ஊசித் தழும்புகள் வெளுத்துக் கிடந்தன, புதிதாக ஒரு பொட்டும் இல்லை. அதைப் பார்த்ததும் அவளுக்குக் காது விடைத்தது.

"அண்ணா, அந்தப் பரிசோதனை அட்டையை எடுங்க."

சிறுநீரில் மூன்று சொட்டு விட்டாள். ஒரு கோடு விழுந்தால் மருந்து உண்டு, இரண்டு கோடு விழுந்தால் இல்லை. அபினுக்கு நேராக இரண்டு கோடு விழுந்தது. டிரமடால் மாத்திரைக்கு நேராகவும் இரண்டு கோடு. செந்தமிழன் கண்டெடுத்த மாத்திரை அட்டை டிரமடால்தான். அதைக் கையுறை விரலால் தடவினாள். வருடக்கணக்கில் சேர்ந்த தறிப்பஞ்சு கனமாகப் படிந்திருந்தது. எப்போதோ ஒளித்து வைத்து மறந்துபோன அட்டை.

செந்தமிழன் வாசலில் நின்றபடியே கழுத்தை நீட்டினார். "என்னங்க மேடம், இருக்குதுங்களா?"

"இல்லைங்குது."

"அப்ப மாத்திரைச் சாவு இல்லீங்களா?"

"உடம்பு ஆமாங்குது சார், பரிசோதனை அட்டை இல்லைங்குது. இந்த அட்டைக்குத் தெரிஞ்சது நாலஞ்சு மருந்துதான். அதுல இல்லாத ஏதோ ஒண்ணு உள்ள போயிருக்குது. வாய் வழியா இல்லை, ஊசி வழியா இல்லை. பின்ன எந்த வழியா?"

சொல்லும்போதே அவளுக்குக் குரல் ஏறிவிட்டது. ஆண்டி செந்தமிழனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "அம்மாவுக்குச் சாமி வந்துருச்சுங்க. இனி நம்மளை உடமாட்டாங்க."

சாமி வந்தது உண்மைதான். ஒரு முடிச்சு கையில் சிக்கிவிட்டால் அவளுக்குப் பசி தெரியாது, வாடை தெரியாது. வெளியே ஒருத்தி புருஷனைப் பறிகொடுத்துவிட்டு நிற்கும்போது உனக்கென்னடி இத்தனை துள்ளல் என்று தன்னையே திட்டிக்கொள்வாள். திட்டினாலும் துள்ளல் அடங்காது. தொடை நரம்பிலிருந்து ரத்தம் எடுத்துக் குப்பியில் அடைத்தாள்.

"நெஞ்சுலயே நெறைய ரத்தம் இருக்குதேங்க மேடம்," என்றார் செந்தமிழன்.

"அதை நம்பக்கூடாதுங்க சார். செத்ததுக்குப் பொறவு கல்லீரல்ல இருக்கற மருந்தெல்லாம் ஊறி நெஞ்சு ரத்தத்துக்கு வந்துரும். இல்லாத அளவைக் காட்டி நம்மளை ஏமாத்திப்புடும். தொடை ரத்தந்தான் நெசம் பேசும்."

கண்ணுக்குள் இருக்கும் நீர், கல்லீரல் துண்டு, சிறுநீர், இரைப்பையில் இருந்தது எல்லாம் சேலத்து லேபுக்குக் கட்டியாயிற்று. ஆனால் எந்த மருந்தைத் தேடச் சொல்லி எழுதுவது? அது தெரியாமல் லேபுக்காரர்கள் எங்கே போய்த் தேடுவார்கள்?

"இன்னொருக்கா முதுகைத் திருப்புங்கண்ணா."

முதலிலேயே முதுகைப் பார்த்திருந்தாள். இடுப்பில் கொஞ்சம் பஞ்சு ஒட்டியிருந்தது. தறிக்காரன் உடம்பில் பஞ்சு இருப்பது என்ன அதிசயம் என்று தாண்டிப் போய்விட்டாள். இப்போது ஆண்டிதான் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். அவர் மச்சான் வீட்டிலும் தறி ஓடுகிறது.

"அம்மா, பஞ்சு வேர்வை இருக்கற எடத்துல அப்பும். கழுத்துல, கம்புக்கூட்டுல. இங்க பாருங்க, கோடு கிழிச்சாப்புல சதுரமா நிக்குது. நாலு மூலையும் மழுங்கலா இருக்குது. ஆசுபத்திரிக்கு அழுக்கோட போவக்கூடாதுன்னு ஊட்டுல ஈரத்துண்டுல தொடைச்சுத்தான் அனுப்பியிருக்கறாங்க, மத்த எடமெல்லாம் சுத்தமா இருக்குது. தொடைச்சும் போவாத பஞ்சுங்க இது."

தேவிப்ரியா குனிந்தாள். நாலு விரல் அகலத்துக்கு ஒரு சட்டம். சட்டத்துக்கு உள்ளே தோல் சுத்தமாக இருந்தது. விளிம்பில் மட்டும் பிசின், அந்தப் பிசினில் பஞ்சு. சுற்றிலும் தோல் சூடு பட்டதுபோல லேசாகச் சிவந்து உரிந்திருந்தது.

"அண்ணா!" என்று கத்தியேவிட்டாள். "நாலு கல்லூரிப் படிப்பு உங்க கண்ணுல இருக்குதுண்ணா!" பிசினைப் பஞ்சுக்குச்சியால் ஒற்றிக் குப்பியில் போட்டு மூடினாள். கையுறையை உருவி எறிந்துவிட்டு, கையைக் கழுவியும் கழுவாமலும் வெளியே ஓடினாள்.

"தனப்பிரியா, அவரு இடுப்புல என்னம்மா ஒட்டியிருந்தீங்க?"

"பிளாஸ்திரிங்க. பத்து நாளா இடுப்பு வலி. ரிக்குல குழாய் தூக்கித் தூக்கி வந்த வலி. மாத்திரைதான் தொடமாட்டாருங்களே, அதனால ஒரு பிளாஸ்திரியாச்சும் ஒட்டலாமுன்னு நாந்தான் சொன்னேன். காலைல உடம்பு தொடைக்கறப்ப எடுத்துப் போட்டுட்டனுங்க."

"மருந்துக்கடைல வாங்குனதா?"

"இல்லீங்க. எங்க அத்தைக்கு வாயில புத்து வந்து கார்த்திகைல செத்துப்போச்சுங்க. கடைசில வலி தாங்காம கத்தும். அப்ப பெரிய ஆசுபத்திரில குடுத்தாங்க, மூணு நாளைக்கு ஒருக்கா மாத்தி ஒட்டச்சொல்லி. ஒட்டுனா அத்தை அமைதியாத் தூங்கும். அதுல ரெண்டு மிச்சம் இருந்துச்சு."

ஃபென்டனில் என்ற வலிமருந்துப் பிளாஸ்திரி. தேவிப்ரியாவுக்கு மண்டைக்குள் மணி அடித்தது. அபின் சாதியிலேயே கடும் மருந்து, அளவு மில்லிகிராம் கணக்குக்குக் கூட வராது. சாதா அட்டையில் பிடிபடாது. புற்றுநோய்க்காரருக்குப் பழகிப்போன அளவு, போன வருடச் சித்திரை முதல் ஒரு மாத்திரையும் தொடாதவனின் உடம்புக்கு எப்படித் தாங்கும்?

"மேல ஒத்தடம் குடுத்தீங்களா?"

"ஆமாங்க. கல்லுப்பு வறுத்து, துணில முடிஞ்சு, பிளாஸ்திரி மேலயே வெச்சு வெச்சு எடுத்தனுங்க. சூடு பட்டா மருந்து நல்லா உள்ள எறங்குமுன்னு."

இறங்கியிருக்கிறது. மூன்று நாளைக்கு வரவேண்டிய மருந்து சூட்டில் ஒரே மூச்சாக இறங்கியிருக்கிறது.

"தூங்கறப்ப குறட்டை உட்டாரா?"

"ஊடே அதிருச்சுங்க. இத்தனை நாள் தூக்கமில்லாத மனுசன் இன்னைக்காச்சும் தூங்கறாரேன்னு, சத்தம் ஆவாதுன்னு நான் தறியைக்கூட நிறுத்தி வெச்சேன்." அதுவரை நேராக நின்றிருந்த தனப்பிரியாவின் குரல் இங்கே லேசாகத் தடுமாறியது.

அதற்குள் வேறொன்று தேவிப்ரியாவின் பிடரியில் அறைந்தது. "ரெண்டு இருந்துச்சுன்னீங்களே. இன்னொண்ணு எங்க?"

"மாமனாருக்குங்க. முட்டிவலின்னாரு. நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தான் ஒட்டுனேன். அவருக்குச் சூடு ஆவாது, ஒத்தடம் வேண்டாம்னுட்டாரு."

"இப்ப அவரு?"

"ஊட்டுலங்க. காலைல அழுது பெரண்டாரு. பொறவு அப்படியே அசந்து தூங்கிட்டாரு. பெத்த மகனைக் குடுத்த மனுசன், எழுப்ப வேண்டாம்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. பக்கத்தூட்டுச் சாலக்கா கூட இருக்குது."

மணி ஒன்று. ஒட்டிப் பத்தொன்பது மணி நேரம். சூடு படாததால் கிழவருக்கு மெதுவாக ஏறியிருக்கிறது. உச்சத்துக்கு வருகிற நேரம் இதுதான்.

"போனைப் போடு! அந்தச் சாலக்காவுக்கு உடனே போனைப் போடு!" டாக்டரம்மா போட்ட சத்தத்தில் மரத்தடியில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

நாலாவது மணியில் சாலம்மாள் எடுத்தாள். தேவிப்ரியா போனைப் பிடுங்கி ஒலிபெருக்கியில் போட்டாள்.

"அக்கா, நான் ஆசுபத்திரி டாக்டர் பேசறேன். குணசீலனோட அப்பா சின்னண்ணன் தாத்தா என்ன பண்றாரு?"

"தூங்கறாருங்க. நல்ல தூக்கம். குறட்டைதான் கெணத்துல தவளை கத்தறாப்புல இருக்குது."

"எழுப்புங்க!"

"அட, பாவமுங்க, மகன் செத்த மனுசன்..."

"அக்கா, அவரும் செத்துருவாரு! கன்னத்துல தட்டி எழுப்புங்க!"

போனில் பட் பட்டென்று சத்தம் கேட்டது. "சின்னண்ணே! ஏனுங்கண்ணே!" பிறகு சாலம்மாளின் குரல் உடைந்தது. "எந்திரிக்கலீங்க டாக்டரம்மா. தலை துவளுது. ஒதடு நீலமா இருக்குதுங்களே!"

"முட்டில பிளாஸ்திரி ஒட்டியிருக்கும், பிச்சு எடுங்க. கைல துணி சுத்திட்டு எடுங்க. எடுத்த எடத்தைத் தண்ணி ஊத்திக் கழுவுங்க."

"சுடுதண்ணி வெக்கட்டுங்களா?"

"ஐயோ, வேண்டாம்! பச்சைத்தண்ணி, பச்சைத்தண்ணி!"

செந்தமிழன் இதற்குள் நூற்றியெட்டுக்குச் சொல்லி, விடாமல் அடுத்த போனில் வண்டி எங்கே நிற்கிறது என்று விசாரித்து, வலவுக்கு வழியும் சொல்லிக்கொண்டிருந்தார். "ஏரிமேட்டுல திரும்புய்யா, பேக்கரிகிட்டத் திரும்பாத!" நாலாவது வரி எழுதிய மனுஷனா இவர் என்று ஆண்டிக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அக்கா, வயித்துமேல கையை வைங்க. மூச்சு வாங்கறப்பவெல்லாம் சத்தமா எண்ணுங்க."

"ஒண்ணு..." என்றாள் சாலம்மாள். எல்லோரும் காத்திருந்தார்கள். காற்றுகூட நின்றதுபோல் இருந்தது. "ரெண்டு..." கலையரசன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். ஒரு நிமிடத்தில் நாலுதான் வந்தது.

"மூக்கைப் பொத்திட்டு, அவரு வாயோட வாய் வெச்சு ஊதுங்க அக்கா. அஞ்சு செகண்டுக்கு ஒருக்கா. நெஞ்சு மேல எழும்போணும்."

"அண்ணன் மொறைங்க..." என்று ஒரு நொடி இழுத்தாள் சாலம்மாள். அடுத்த நொடி, "எக்கேடோ கெடட்டும், ஊர் என்னமோ சொல்லிக்கட்டும்," என்று போனைக் கீழே வைப்பது கேட்டது. அதன் பிறகு ஊதுகிற சத்தம் மட்டும். தேவிப்ரியா கையைத் தட்டித் தட்டித் தாளம் கொடுத்தாள். வலவுக்காரர்களும் சேர்ந்து தட்டினார்கள். பிணவறை வாசலில் அப்படி ஒரு கைதட்டலை அந்த ஆஸ்பத்திரி கண்டதில்லை. பதினேழாவது நிமிடத்தில் போனில் வண்டிச் சங்கு கேட்டது.

கிழவரைத் தூக்கிக்கொண்டு நூற்றியெட்டு உள்ளே நுழைந்தபோது தேவிப்ரியா அவசரப் பிரிவு வாசலில் காத்து நின்றாள். பிணம் அறுக்கிற டாக்டரம்மா இங்கே எதுக்கு ஓடிவருது என்று நர்சுகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பணியில் இருந்த டாக்டர் நந்தகுமார், அபின் மருந்தை முறிக்கும் நலாக்சோன் ஊசியை நரம்பில் ஏற்றினார். ஒரு நிமிடம். சின்னண்ணனின் நெஞ்சுக்கூடு ஒரு பெரிய மூச்சை இழுத்தது. இன்னொன்று. நீலம் உதட்டை விட்டு விலகியது. கண் இமை துடித்து, திறந்து, நேராக அவளைப் பார்த்தது.

பன்னிரண்டு வருடத்தில், அவள் முன்னால் படுத்திருந்த ஒரு மனிதர் கண்ணைத் திறந்தது இதுதான் முதல் தடவை. தேவிப்ரியா வாய்விட்டுச் சிரித்தாள், அழுகையும் சேர்ந்து வந்தது. நந்தகுமாரின் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

"ஊசி வேகம் கொறைஞ்சா மறுபடி சொக்கும். மருந்து இன்னும் தோலுக்கடியில நிக்குது. சொட்டுல போட்டுட்டே இருங்க, கண்ணை எடுக்காதீங்க," என்றாள்.

கிழவர் வறண்ட நாக்கால் ஏதோ கேட்டார். குனிந்து கேட்டாள். "என்ற பையனை எடுத்துட்டாங்களா?"

"இல்லீங்கய்யா. நீங்க வாரதுக்குத்தான் வெச்சிருக்கறோம்."

திரும்பி நடக்கையில் துள்ளல் எல்லாம் வடிந்துவிட்டது. இனி தனப்பிரியாவிடம் சொல்ல வேண்டும். வேப்பமரத்தைத் தாண்டி அவளைத் தனியே கூட்டிப்போனாள்.

"மாமனாரு பொழைச்சுட்டாருங்களா?"

"பொழைச்சுட்டாரு. நீ ரெண்டாவது பிளாஸ்திரியைப் பத்திச் சொன்னதாலதான் பொழைச்சாரு."

"அப்ப என்ற ஊட்டுக்காரரு... நான் ஒட்டுனதாலதானுங்களா?"

பொய் சொல்லலாமா என்று தேவிப்ரியா யோசித்தாள். ஒரு நொடிதான். "லேப் ரிப்போர்ட் வந்துதான் முடிவா எழுதுவேன். ஆனா எனக்குச் சந்தேகமில்லை. அந்த மருந்துதான், அந்தச் சூடுதான். உனக்குத் தெரியாதம்மா. ஆசுபத்திரில மிச்சத்தைத் திருப்பிக் குடுக்கோணும்னு யாராச்சும் வெவரமாச் சொல்லியிருக்கோணும். நீ வேணும்னா, விபத்துன்னு மட்டும் வெளில சொல்லிக்கலாம். யாரு ஒட்டுனாங்கன்னு ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை."

"அவரு மாத்திரை போடல."

"போடல. இரைப்பைல இல்லை, ஊசியும் இல்லை. நீ சொன்னாப்புல ஒரு மாத்திரையும் தொடல."

தனப்பிரியா முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். பிறகு டாக்டரம்மாவை விட்டுவிட்டு விறுவிறுவென்று மரத்தடிக்கு நடந்தாள். செந்தமிழன் பாரத்தை மடியில் வைத்து நாலாவது வரியை அடித்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் போய் நின்றாள்.

"எழுதிக்குங்க சார். மாத்திரைக்குப் பயந்துதான் பிளாஸ்திரி ஒட்டுனது. ஒட்டுனது பொண்டாட்டி. ஒத்தடம் குடுத்தது பொண்டாட்டி. தனப்பிரியான்னு என்ற பேரைப் போட்டே எழுதுங்க. அவரு சத்தியத்தை மீறலைன்னும் எழுதுங்க."

"இதெல்லாம் நீ இப்படிச் சொல்லோணும்னு இல்லீம்மா," என்றார் செந்தமிழன் மெதுவாக.

"நான் சொன்னாத்தான் சார் என்ற புள்ளை தப்பிப்பா. நாளைக்கு எல்லாரும் என்னையத்தான் ஏசுவாங்க. ஏசட்டும். அவளை ஏசக்கூடாது."

வேப்பம்பழங்கள் காற்றில் பொலபொலவென்று உதிர்ந்தன. செந்தமிழன் அவள் சொன்னதை வரிசையாக எழுதினார். கடைசி வரிக்கு வந்ததும் பேனா நின்றது. "சத்தியம்னு எழுத இந்தப் பாரத்துல எடமில்லையேம்மா."

கலையரசன் இடுப்புத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். தனப்பிரியாவின் பக்கத்தில் வந்து நின்றார், அவளைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார். பையிலிருந்து போனை எடுத்து ஊருக்கு அடித்தார்.

"டேய், பாடைக்கு மூங்கில் வெட்டுங்கடா. சித்தப்பனும் தம்பியும் வாரவரைக்கும் ஒருத்தனும் நகரப்படாது. என்ன? எவனுக்காச்சும் தொடறதுக்குப் பயமா இருந்தா வெலகி நிக்கச் சொல்லு. முன்தோளு நான் குடுக்கறேன்."